கைமருந்தும் கடல்வழியும்: தென்கீழ்க் கரையோரத்துத் தடிமற் காய்ச்சல் வைத்தியத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

வீட்டு வைத்தியத்தைப் பற்றி எழுதுவோர் அதனை மண்ணின் மருந்து என்றும், பிறரை எதிர்பாராத தன்னிறைவின் சின்னம் என்றும் போற்றுவது வழக்கம். இக்கூற்றை ஒரு பிரதேசத்தின் அடுப்படியில் வைத்துச் சோதித்துப் பார்த்தல் வரலாற்று மாணவர்க்குப் பயன்தருவதாகும். அம்பாறைக் கரையோரத்தில், நிந்தவூருக்கும் அக்கரைப்பற்றுக்கும் இடையே அமைந்த ஒலுவிலை அதற்குரிய இடமாகக் கொள்ளலாம். மாரி மழையில் நனைந்துவந்த பிள்ளைக்குத் தடிமன் பிடித்தால் அவ்வூர் வீடுகளில் முதலில் அடுப்பேறுவது கொத்தமல்லிக் குடிநீரே. கல்முனை, சாய்ந்தமருது, அட்டாளைச்சேனை ஆகிய அயலூர்களிலும், காரைதீவு போன்ற தமிழர் ஊர்களிலும் நிலைமை இதுவே. ஆனால் கொத்தமல்லி இக்கரையோர மண்ணில் விளையும் பயிரன்று. இலங்கைத் தீவின் தேவையில் மிகப் பெரும்பகுதி நெடுங்காலமாகக் கப்பல் வழியாகவே வந்துசேர்கின்றது. வீட்டு வைத்தியங்களுள் மிகவும் வீட்டுக்குரியதாகக் கருதப்படுவதே கடல் கடந்து வந்த பொருளாக இருப்பது சிந்தனைக்குரியது.

இக்கரையோரத்தில் நோய்க்காலம் காற்றை வைத்தே கணிக்கப்பட்டு வந்தது. கச்சான் வறட்சியையும் வெப்பத்தையும் தருவது. ஐப்பசிக்குப் பின் வடகீழ்த் திசையிலிருந்து வீசும் வாடை மழையையும் கூதலையும் தருவது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரையான மாதங்களிலேயே பெய்துவிடுகின்றது. பெரும்போக வேளாண்மை தொடங்குவதும், கடல் கொந்தளித்து மீன்பிடி குன்றுவதும் அக்காலத்திலேதான். ஆகவே தடிமன் என்பது ஈண்டு வெறும் மூக்கொழுகலாக எண்ணப்படவில்லை. வட்டையில் விதைப்பும் காவலும் தவறக்கூடாத நாட்களில் ஒருவர் படுத்துவிடின், அவ்வீட்டின் அறுவடைவரை அதன் தாக்கம் நீளும். மருந்து விரைவாகவும், பெருஞ்செலவின்றியும், வீட்டைவிட்டு அகலாமலும் கிடைக்கவேண்டும் என்ற தேவை இத்தொழிலமைப்பிலிருந்தே பிறந்தது.

காய்ச்சல் எல்லாவற்றையும் மக்கள் ஒன்றாகக் கருதினரென்று எண்ணுதல் தவறாகும். தடிமற் காய்ச்சல் வேறு. உடலைக் குலுக்கி நடுங்கவைத்து, விட்டுவிட்டு வரும் குலைப்பன் வேறு. நாட்கணக்கில் நின்று எரிக்கும் நெருப்புக் காய்ச்சல் வேறு. முதலாவது அடுப்படிக்குரியது. மற்றையவை பரிசாரிக்கும், பிற்காலத்தில் ஆஸ்பத்திரிக்கும் உரியன. இவ்வெல்லையை வகுத்தறியும் பொறுப்பு வீட்டின் மூத்த பெண்ணிடமே இருந்தது. கைமருந்தின் வரலாற்றில் மருந்தைவிட இந்த எல்லையே முக்கியமானது எனலாம்.

குடிநீர் செய்யும் முறை பெரும்பாலும் ஒரே தன்மையது. கொத்தமல்லியை வெறுஞ்சட்டியில் இளஞ்சூட்டில் வறுத்து, இடித்த வேர்க்கொம்பும் சில மிளகும் கூட்டி, எட்டுக் கோப்பைத் தண்ணீர் ஒரு கோப்பையாக வற்றும்வரை காய்ச்சி வடிப்பர். சர்க்கரையையோ பனங்கற்கண்டையோ கடித்துக்கொண்டு சூடாறுமுன் குடிப்பர். காய்ச்சல் கடுமையாயின், சிங்களத்தில் வெனிவேல் எனப்படும் மரமஞ்சட் கொடியும் அதனுடன் சேரும். அதன் கைப்பை ஒருமுறை சுவைத்த பிள்ளை அடுத்த முறை நோயை மறைத்துவிடும் என்பது வீடுகளில் வழங்கும் வேடிக்கைப் பேச்சு. இருமலுக்குக் கற்பூரவள்ளிச் சாறும் தேனும், நெஞ்சுச் சளிக்கு ஆடாதோடையும் தூதுவளையும், தலைப்பாரத்துக்கு வேதும் உரியன. நொச்சி, தேசியிலை, வேப்பிலை முதலியவற்றைப் பானையில் அவித்து, போர்வைக்குள் அமர்ந்து ஆவியை முகத்தில் ஏற்பதே வேது பிடித்தல். முஸ்லிம் வீடுகளில் இவற்றோடு கருஞ்சீரகமும் தவறாது இருக்கும். தேன் நோய்தீர்க்கும் என்ற திருக்குர்ஆன் குறிப்பும், கருஞ்சீரகம் பற்றிய நபிமொழியும் இவ்விரு பொருள்களுக்கும் சமய மதிப்பை அளித்துள்ளன.

இப்பொருள்களை அவை வந்த வழிக்கேற்பப் பிரித்துப் பார்ப்போமாயின், அடுப்படித் தட்டு ஒரு வணிக வரலாற்றுப் படமாகவே தோன்றும். நொச்சி, ஆடாதோடை, கற்பூரவள்ளி ஆகியவை வளவிலும் வேலியிலும் கிடைப்பவை. மரமஞ்சள் ஈரவலயக் காட்டுக்குரியது. தேன் மேற்கே உள்ள காட்டுப் பகுதிகளிலிருந்து வந்தது. தவளம் எனப்பட்ட பொதிமாட்டு வணிகத்தை நடத்திய முஸ்லிம்கள் உப்பையும் கருவாட்டையும் கரையிலிருந்து உள்நாட்டுக்குக் கொண்டுசென்று, காட்டு விளைபொருள்களைக் கரைக்குக் கொணர்ந்தனர். கொத்தமல்லியும் சீரகமும் தென்னிந்தியத் துறைகளிலிருந்து வந்தன. கருஞ்சீரகத்தின் தாயகம் மேற்காசியா. பெருங்காயம் பாரசீகம், ஆப்கானிஸ்தான் ஆகிய நாடுகளிலிருந்து பல கைகள் மாறி வந்தது. கொத்தமல்லியேகூட மத்தியதரைக் கடற் சார்புடையது. எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறையில் அதன் விதைகள் கிடைத்துள்ளன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே பெயரால் அதனை அழைப்பது, எந்த வழியாக அது இத்தீவின் வீடுகளுக்குள் நுழைந்தது என்பதைக் காட்டுவதாகும். உலகம் முழுவதும் தேடிவந்த கறுவாவைத் தன்னகத்தே கொண்டிருந்த நாடு, தன் தடிமனுக்கு அயலார் விதையை நம்பியிருந்தது!

பொருள்கள் மட்டுமன்றிக் கொள்கைகளும் கடல்வழி வந்தன. போர்த்துக்கேயரால் மேற்குக் கரையோரத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் ஏறத்தாழ 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் 1626 ஆம் ஆண்டில் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்பது வரலாற்று நூல்களில் பெரிதும் எடுத்தாளப்படும் செய்தி. அதற்கு முன்னரும் இங்கு முஸ்லிம் குடியிருப்புகள் இருந்தன. இவர்களுள் வைத்தியம் அறிந்தோரும் இருந்திருத்தல் இயல்பே. கண்டியரசில் கோபால என்னும் பெயர்கொண்ட முஸ்லிம் குடும்பத்தினர் அரச வைத்தியராக விளங்கி நிலமானியம் பெற்றதை லோர்னா தேவராஜா 1994இல் வெளிவந்த தமது நூலில் விரித்துரைக்கின்றார். இலங்கையின் பிரதம நீதியரசராயிருந்த அலெக்சாண்டர் ஜோன்ஸ்டன் 1827 ஆம் ஆண்டைய தமது கடிதமொன்றில், கேலன் முதலிய கிரேக்கப் பேரறிஞர் நூல்களின் அறபு வடிவங்களிலிருந்து எடுக்கப்பட்ட பகுதிகளை இலங்கை முஸ்லிம்கள் தம்மிடம் காட்டியதாகக் குறிப்பிடுகின்றார். யூனானி என்ற பெயரே கிரேக்க நாட்டை அறபியர் அழைத்த சொல்லிலிருந்து வந்ததாகும்.

யூனானி உடலில் நான்கு பாயங்களைக் காண்பது. சித்தமும் ஆயுர்வேதமும் வாதம், பித்தம், சிலேட்டுமம் என மூன்றைக் காண்பன. எண்ணிக்கை வேறாயினும் தடிமன் பற்றிய தீர்ப்பு ஒன்றே: அது குளிர்ச்சியும் சளியும் மிகுந்த நிலை, சூடான பொருளால் அதனைச் சமன்செய்ய வேண்டும். அக்கரைப்பற்றில் 1969 ஆம் ஆண்டு முதல் கள ஆய்வு நடத்திய அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, சூடு குளிர்ச்சி என்னும் இக்கருத்தைத் தமிழரின் உடல்நலம், உணவு, வழிபாடு ஆகிய யாவற்றிலும் கண்டு, 1998இல் அது குறித்துத் தனிநூலே வெளியிட்டார். தமிழர் வீட்டுத் திண்ணையிலும் முஸ்லிம் வீட்டுத் திண்ணையிலும் தயிரையும் இளநீரையும் மாரி இரவில் விலக்குவதற்குச் சொல்லப்படும் காரணம் ஒன்றாகவே இருப்பதன் மூலம் இதுவே. திருமணமும் வழிபாடும் பிரித்த இரு சமூகத்தாரையும் தடிமன் ஒரே அடுப்படியில் சேர்த்தது என்று கூறினும் பொருந்தும்.

இவ்வறிவு எவ்வாறு கைமாறியது என்பதற்கு எழுத்துச் சான்று தேடுவோர் ஏமாற்றமடைவர். யாழ்ப்பாணத்திலே பரராசசேகரம், செகராசசேகரம் எனும் வைத்திய நூல்கள் தமிழ் அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்பட்டு வழங்கின. அவற்றுள் முன்னையதை ஏழாலை ஐ. பொன்னையாபிள்ளை பகுதி பகுதியாகப் பதிப்பித்தார். அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847 முதல் அங்கு பணிபுரிந்து மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். தென்கீழ்க் கரையோரத்திற்கு இத்தகைய அச்சு வரலாறு வாய்க்கவில்லை. இங்கு ஏடாக விளங்கியது வீடே. இப்பிரதேச முஸ்லிம்களும் தமிழரும் தாய்வழிக் குடிமுறையைப் பேணுபவர்கள். மணமான பெண் தாய்வீட்டிலோ அதற்கு அயலிலோ வாழ்கின்றாள். கணவனே அங்கு வந்துசேர்கின்றான். ஆகவே மூத்தம்மாவும் உம்மாவும் மகளும் ஒரே அடுப்பைச் சூழ நின்றனர். பிற பிரதேசங்களில் மணப்பெண்ணுடன் ஊர்விட்டு ஊர் சென்று மாமியின் மருந்தோடு கலந்து திரியும் கைமருந்து, இங்கு வீட்டையும் வளவையும் போலப் பெண்வழி முதுசமாக இறங்கியது. ஆண்வழி நின்றது ஓதிப் பார்த்தலும் பீங்கானில் இசும் எழுதிக் கரைத்துக் கொடுத்தலுமாகும். இவை பிற்காலச் சீர்திருத்தவாதிகளின் கண்டனத்துக்கு உள்ளாகிக் குன்றின. கொத்தமல்லியை எவரும் கண்டிக்கவில்லை.

அடுப்படிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையிலிருந்த தூரம் இவ்வரலாற்றின் மறுபாதி. 1918 ஆம் ஆண்டின் உலக இன்புளுவென்சா கொள்ளைநோய் இலங்கையையும் தாக்கியது. 1911, 1921 ஆகிய ஆண்டுகளின் குடிசன மதிப்பீடுகளை அடிப்படையாகக் கொண்டு 2014இல் வெளியான ஓர் ஆய்வு, அந்நோயால் நேர்ந்த மக்கட்டொகை இழப்பை ஏறத்தாழ 307,000 என, அஃதாவது நூற்றுக்கு 6.7 என மதிப்பிடுகின்றது. அக்காலத்தில் இக்கரையோரம் மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதி. அம்பாறை தனி மாவட்டமானது 1961இலேயே. மட்டக்களப்புக்குப் புகையிரதம் 1928இல் வந்தது. கல்முனைக்கு இன்றுவரை அது வரவில்லை. மாட்டுவண்டியையும் வாவித் தோணியையும் நம்பிய ஊர்களில் அடுப்படியே ஆஸ்பத்திரியாயிற்று. எனினும் அன்றைய மேலைத்தேய வைத்தியரிடமும் அந்நோய்க்கு மருந்தில்லை என்பதை மறத்தலாகாது. இன்புளுவென்சா வைரசு மனிதரிடமிருந்து பிரித்தறியப்பட்டது 1933இல். அதனைத் தொடரும் நிமோனியாவுக்குப் பென்சிலின் பரவலாகக் கிட்டியது இரண்டாம் உலகப் போரை அடுத்தே. ஆகவே 1918இல் கொத்தமல்லிக் குடிநீரும் கஞ்சியும் படுக்கையும் அளித்த வீடு, பெரிய வைத்தியசாலையினும் வெகுவாகப் பின்தங்கியிருக்கவில்லை. பென்சிலினுக்குப் பின் அந்நிலை அடியோடு மாறியது. மருந்து மாறவில்லை, அதன் மாற்றுத்தான் மாறிற்று.

நோய்களும் மாறின. 1946 முதல் வீடுகளுக்கு டி.டி.ரி. தெளிக்கப்பட்டதன்பின் மலேரியா தணிந்து, இடையில் மீண்டெழுந்து, 2016 செப்டெம்பரில் இலங்கை அந்நோயற்ற நாடென உலக சுகாதார நிறுவனத்தால் உறுதிப்படுத்தப்பட்டது. குலைப்பன் என்ற சொல் இன்று முதியோர் வாயிலேயே வாழ்கின்றது. அதன் இடத்தைப் பிடித்தது டெங்கு. அரசின் நோக்கும் வேறுபட்டது. கொழும்பில் 1929இல் தொடங்கிய சுதேச வைத்தியக் கல்லூரியும், 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டமும் பட்டமும் பதிவும் பெற்ற வைத்தியரை உருவாக்கின. அச்சட்டம் சித்தம், யூனானி, தேசிய சிகிச்சை ஆகிய அனைத்தையும் ஆயுர்வேதம் என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கியது. அடுப்படிப் பெண்ணுக்கு அதில் பெயரில்லை. அவள் அதனை எதிர்பார்த்தவளுமல்லள்.

தூரம் மைல்களால் மட்டும் அளக்கப்படுவதன்று என்பதைக் கொவிட் கொள்ளைநோய்க் காலம் காட்டிற்று. உள்ளூர் உற்பத்தியை ஊக்குவிக்கும் பொருட்டு மஞ்சள் இறக்குமதி 2019 திசெம்பரில் தடைசெய்யப்பட்டிருந்தது. சில மாதங்களில் கொள்ளைநோய் வந்ததும் குடிக்கவும் வாசலில் தெளிக்கவும் மஞ்சளைத் தேடினர். அதன் விலை கிலோ பல ஆயிரம் ரூபாவாயிற்று. தமிழ்நாட்டுக் கரையிலிருந்து படகுகளில் மஞ்சள் கடத்தப்பட்டுப் பிடிபட்டது. 2020 திசெம்பரில் கேகாலை மாவட்டத்தில் ஒருவர் தேனும் சாதிக்காயும் கொண்டு செய்த பாணியை நாடி ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றனர். அதனைப் பகிரங்கமாக அருந்திய சுகாதார அமைச்சருக்கே அடுத்த மாதம் நோய் கண்டது. கைமருந்துக்கு அன்று அரச மேடையே கிடைத்தது எனலாம். ஆனால் தென்கீழ்க் கரையோர முஸ்லிம் வீடுகளில் அதே கைமருந்து பெற்ற பொருள் வேறு.

2020 ஏப்ரில் 11 ஆம் நாள் வர்த்தமானி, கொவிட் நோயால் இறந்தோரின் உடல்கள் யாவும் எரிக்கப்படவேண்டும் என்று விதித்தது. அடக்கம் செய்தலும் ஏற்கத்தக்கது என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் இவ்விதி நீடித்தது. அதே ஆண்டு நவெம்பர் இறுதியில் அக்கரைப்பற்றுப் பொலிஸ் பிரிவு தனிமைப்படுத்தப்பட்டபோது இவ்விதி நடைமுறையில் இருந்தது. நோய் வெளிப்பட்டு வைத்தியசாலையில் மரணம் நேரின் உடல் நெருப்புக்குப் போகும் என்ற அச்சத்தால் முஸ்லிம்கள் சிலர் சிகிச்சை தேடத் தயங்குகின்றனர் என்று அந்நாளிலேயே சமூகத் தலைவர்களும் செய்தியாளரும் எச்சரித்தனர். தயங்கியவனுக்கு எஞ்சியது கொத்தமல்லியும் வேதுமே. வைத்தியசாலை கூப்பிடு தூரத்திலிருந்தும் 1918இல் இருந்ததைவிட அது தொலைவாகிவிட்டது. அன்று மருந்தின்மையால் வீட்டில் இருந்தனர். இன்று மருந்தும் கருவியும் இருந்தும் கபனுக்கும் கபுறுக்கும் அஞ்சி வீட்டில் இருந்தனர். 2021 பெப்ரவரி 25இல் விதி மாற்றப்பட்டது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. ஒலுவிலிலிருந்து அவ்விடம் எண்பது கிலோமீற்றருக்கும் அப்பாலானது. 2024 யூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. கைமருந்தைப் பண்பாட்டுப் பெருமையாக மட்டும் எழுதும் கட்டுரைகளில் இந்தப் பத்து மாதங்களுக்கும் ஓர் இடம் வேண்டும்.

தன்னிறைவு என்ற கூற்றை 2022 ஆம் ஆண்டு மறுமுறை சோதித்தது. அந்நியச் செலாவணி தீர்ந்து, ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியபோது வைத்தியசாலைகளில் மருந்து தட்டுப்பட்டது. மாத்திரை இல்லாவிடில் மல்லி உண்டு என்று கூறுவது எளிது. ஆனால் மாத்திரையும் மல்லியும் ஒரே டொலரில் வாங்கப்படுவன. ஒரே துறைமுகத்தில் இறங்குவன. இரண்டும் ஒருங்கே விலையேறின. உண்மையில் விலையேறாது நின்றவை வேலியோர நொச்சியும் ஆடாதோடையுமே. நகரநாகரிகம் அவற்றைக் கைவிட்டு, பொதியில் அடைத்த மூலிகைத் தூளுக்கு மாறியதும் அண்மைக் காலத்து வரலாறே.

இதனிடையே பழைய எல்லையும் குழம்பிவிட்டது. தடிமற் காய்ச்சலுக்கு மூன்று நாள் பொறுத்துப் பார்ப்பது மூத்தோர் வகுத்த நெறி. தடிமனுக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஏனெனில் அது தானாகவே தணிவது. டெங்குவிலோ காய்ச்சல் தணியும் வேளையே ஆபத்து தொடங்கும் வேளை. நாளங்களிலிருந்து நீர் கசிந்து குருதியமுக்கம் வீழ்வது அப்பொழுதுதான். குடிநீர் குடித்தவுடன் காய்ச்சல் விட்டது என்று வீட்டார் ஆறுதலடையும் கணமும் அதுவே. 2017 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர். டெங்குவும் தடிமனும் ஒரே மாரியில் வருவதால், குலைப்பனை இனங்காணப் பழகிய கண்ணுக்கு இது புதிய பாடம். வேதும் இன்று ஐயத்துக்குள்ளாகியுள்ளது. கொதிநீர்ப் பானை கவிழ்ந்து பிள்ளைகள் வெந்துபோவதை வைத்தியர் சுட்டிக்காட்டுகின்றனர். தேன் இருமலைத் தணிப்பதை மேலைத்தேய வைத்தியமும் ஏற்றுக்கொண்டுள்ளது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு மாத்திரம் அதனைக் கொடுத்தலாகாது.

ஒலுவில் துறைமுகம் டென்மார்க் நாட்டுக் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013 செப்டெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. நூற்றாண்டுகளாகக் கடல்வழி வந்த சரக்கைப் பயன்படுத்திய கரைக்குத் தனக்கென ஒரு துறை கிடைத்தது என்ற எதிர்பார்ப்பு அன்று இருந்தது. வாயிலை மணல் அடைத்தது. வணிகக் கப்பல்கள் வரவில்லை. மீனவர் தம் படகுகளை வெளிக்கொணரவே மணலோடு போராடினர். கொத்தமல்லியும் கருஞ்சீரகமும் இப்பொழுதும் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கி, லொறியேறித் தீவைக் குறுக்கறுத்துக் கல்முனைச் சந்தைக்கு வருகின்றன. துறைமுகத்துக்கு வடக்கே கரை அரிக்கப்பட்டுத் தென்னைகளும் வளவுகளும் கடலுக்குள் சென்றன. வேதுக்கு வேண்டிய இலை கொழும்பிலிருந்து வரும் லொறியில் இல்லை. அது வளவில் நின்றாலன்றிக் கிடையாது.